இருமடங்கு விதியும் வட்டுப் பிரிவுத் திட்டமும்: ஒரு திறனாய்வு

யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைக் கணினியில் நிறுவும்போது பயனரிடம் கேட்கப்படும் கேள்விகளில் கடினமானது, வட்டை எப்படிப் பிரிப்பது என்பதாகும். மொழி, நேர மண்டலம், விசைப்பலகை ஆகியவற்றை நிறுவிய பிறகும் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். பார்ட்டிஷன் என்று வழக்கில் சொல்லப்படும் வட்டுப் பிரிவைத் தரவு நிறைந்த பிறகு மாற்றுவது எளிதன்று. சில கோப்பு முறைமைகளைச் சுருக்கவே முடியாது. சுருக்க முடிந்தவற்றிலும், நடுவில் மின்சாரம் போனால் தரவு போகும் அபாயம் உண்டு.

இந்தக் கேள்விக்கு நூல்களும் கையேடுகளும் தரும் விடை பெரும்பாலும் இரண்டு சூத்திரங்களாக இருக்கிறது. ஒன்று, ஸ்வாப் இடம் ரேமைப் போல் இருமடங்கு இருக்க வேண்டும் என்பது. மற்றொன்று, ரூட், /பூட், /யூஎஸ்ஆர், /வார், /டெம்ப், /ஹோம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவு வேண்டும் என்பது. அண்மைக் காலத்தில் இவற்றுக்கு நேரெதிரான சூத்திரமும் பரவியுள்ளது: எல்லாவற்றையும் ஒரே பிரிவில் வைக்கலாம், ரேம் நிறைய இருந்தால் ஸ்வாப் தேவையில்லை. இரு தரப்பும் காரணத்தை விட்டுவிட்டு விடையை மட்டும் கற்றுத் தருகின்றன. இச்சூத்திரங்கள் எந்தக் காரணங்களால் பிறந்தன, அக்காரணங்களில் எவை இன்றும் இருக்கின்றன, வழிகாட்டி ஆவணங்களும் நிறுவல் நிரல்களும் இவற்றை எவ்வளவு சரியாகக் கையாள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபின் தொடக்கம்

டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் 1974இல் யூனிக்ஸ் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் கணினியின் அமைப்பை விவரித்தனர். அது 144 கிலோபைட் நினைவகம் கொண்ட பிடிபி-11/45. அதனுடன் ஒரு எம்பி கொள்ளளவுள்ள, தலை அசையாத வட்டு ஒன்று இருந்தது. கோப்புகளுக்கும் ஸ்வாப்புக்கும் அது பயன்பட்டது. மேலும் தலா 2.5 எம்பி கொண்ட நான்கு வட்டுகளும், 40 எம்பி வட்டு ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தன.

இந்த எண்களில் மரபின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. 2.5 எம்பி வட்டில் இயங்குதளத்தின் எல்லா நிரல்களையும் பயனர் கோப்புகளையும் சேர்த்து வைக்க முடியாது. எனவே ஒவ்வொரு வட்டும் அடைவு மரத்தின் ஒரு கிளையில் பொருத்தப்பட்டது. /யூஎஸ்ஆர் என்பது தொடக்கத்தில் பயனர்களின் அடைவுகள் இருந்த இடம். முதல் வட்டில் இடம் போதாமல் போனபோது கணினி நிரல்களும் அங்கே இடம் பிடித்தன. பின்னாளில் பயனர் அடைவுகள் வேறிடம் சென்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தலை அசையாத வட்டு வேகமானது என்பதால் ஸ்வாப் அதில் வைக்கப்பட்டது.

ஆகவே அன்றைய பிரிவுகள் வன்பொருளின் எல்லைகளே. அவற்றுக்குப் பாதுகாப்பு, ஒழுங்கு போன்ற விளக்கங்கள் பின்னர் வந்தன. அவ்விளக்கங்களில் சில சரியானவை, சில வழக்கத்தை நியாயப்படுத்துபவை மட்டுமே. இரண்டையும் பிரித்தறியாததே பல கையேடுகளின் அடிப்படைக் குறை.

இருமடங்கு விதி

தொடக்க கால யூனிக்ஸ், ஓர் இயங்கும் நிரலை முழுவதுமாக வட்டுக்கு அனுப்பி, தேவைப்படும்போது முழுவதுமாக நினைவகத்துக்குக் கொண்டுவந்தது. ஸ்வாப், அதாவது இடமாற்று, என்ற பெயர் இதற்கே பொருந்தும். 1979இல் வந்த 3பிஎஸ்டி, நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துத் தனித்தனிப் பக்கமாக இடம் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது.

அந்த பிஎஸ்டி வழிவந்த முறையில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு நிரலின் தரவுப் பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஸ்வாப் வட்டில் ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பக்கம் ஒருபோதும் வட்டுக்குப் போகாவிட்டாலும் இந்த ஒதுக்கீடு கட்டாயம். இதன் விளைவு எளியது. எல்லா நிரல்களும் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய மொத்த நினைவகம் ஸ்வாப்பின் அளவை மீற முடியாது. 8 எம்பி ரேமும் 8 எம்பி ஸ்வாப்பும் இருந்தால் கிடைப்பது 8 எம்பிதான். ஸ்வாப் 4 எம்பி மட்டும் இருந்தால் ரேமில் பாதி வீணாகும். ரேமுக்கு மேல் ஒரு மடங்கு கூடுதல் நினைவகம் வேண்டுமென்றால் ஸ்வாப் ரேமைப் போல் இருமடங்கு இருக்க வேண்டும். அக்கணினிகளில் இருமடங்கு விதி ஊகம் அன்று, கணக்கு.

லினக்ஸில் இந்த நிபந்தனை இல்லை. அங்கே ரேமும் ஸ்வாப்பும் கூட்டப்படுகின்றன. 8 ஜிபி ரேமும் 4 ஜிபி ஸ்வாப்பும் இருந்தால் ஏறத்தாழ 12 ஜிபி கிடைக்கும். விதிவிலக்காக ஒரு குறுகிய காலம் உண்டு. 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 கெர்னலின் தொடக்கப் பதிப்புகளில், ஸ்வாப்பிலிருந்து ரேமுக்குத் திரும்பிய பக்கத்தின் வட்டு இடம் உடனே விடுவிக்கப்படவில்லை. அதனால் ஸ்வாப் சிறியதாக இருந்த கணினிகள் திணறின. இருமடங்கு விதி மீண்டும் பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 2.4.10 பதிப்பில் நினைவக மேலாண்மைப் பகுதியே மாற்றப்பட்டது. சில மாதங்கள் மட்டும் தேவைப்பட்ட அறிவுரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதி எடுக்கப்பட்டு வருகிறது.

எல்லா அமைப்புகளும் லினக்ஸைப் போன்றவை என்றும் கொள்ளக்கூடாது. சோலாரிஸ், நிரல் கேட்கும் நினைவகத்துக்கு ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தத்திலிருந்து முன்பதிவு செய்கிறது. முன்பதிவுக்கு இடமில்லையென்றால், ரேமில் காலியிடம் இருந்தாலும் புதிய நிரலைத் தொடங்க முடியாது. லினக்ஸிலும் மிகை ஒதுக்கீட்டைத் தடுக்கும் அமைப்பு உண்டு. அதற்குரிய கெர்னல் மாறியை 2 என்று வைத்தால், மொத்த ஒதுக்கீடு ஸ்வாப்பும் ரேமில் 50 விழுக்காடும் சேர்ந்த அளவோடு நிற்கும். இந்த அமைப்பில் ஸ்வாப்பே இல்லாத 16 ஜிபி கணினி 8 ஜிபியைத் தாண்டி ஒதுக்காது. ஒரு பைட் கூட எழுதப்படாத ஸ்வாப்புக்கும் இங்கே வேலை இருக்கிறது. எந்த இயங்குதளம், எந்த ஒதுக்கீட்டுக் கொள்கை என்று கேட்காமல் ஸ்வாப் அளவு சொல்லும் கையேடு முதல் படியிலேயே தவறுகிறது.

ரெட் ஹாட் அட்டவணை

ஒற்றைச் சூத்திரத்தின் குறையை உணர்ந்து சில நிறுவனங்கள் அட்டவணை தந்தன. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இன் ஆவணத்தில் உள்ளது பரவலாக அறியப்பட்டது. ரேம் 2 ஜிபி வரை இருந்தால் ஸ்வாப் இருமடங்கு, 2 முதல் 8 ஜிபி வரை ரேமுக்குச் சமம், 8 ஜிபிக்கு மேல் குறைந்தது 4 ஜிபி என்று அது பரிந்துரைக்கிறது. ஹைபர்னேட் செய்ய வேண்டுமானால் இவ்வளவுகள் முறையே மும்மடங்கு, இருமடங்கு, ஒன்றரை மடங்கு என உயர்கின்றன. 64 ஜிபிக்கு மேல் ஹைபர்னேட் பரிந்துரைக்கப்படவில்லை.

ரேம் கூடக் கூட ஸ்வாப் விகிதம் குறைய வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டது இந்த அட்டவணையின் நற்பண்பு. ஆனால் அதன் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒரு முரண் தெரிகிறது. 8 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு 8 ஜிபி ஸ்வாப் வேண்டும். அதில் இன்னும் ஒரு ஜிபி ரேமைச் சேர்த்தால் 4 ஜிபி போதும். 2 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி ஸ்வாப், 3 ஜிபி ரேமுக்கு 3 ஜிபி. குறைந்தது என்ற சொல் மேல் படிகளைக் காப்பாற்றுகிறது என்றாலும், பயனரின் தேவை எந்த இடத்தில் இப்படித் திடீரென மாறுகிறது என்பதற்கு விளக்கம் இல்லை. பழைய இருமடங்கு விதியைச் சிறிய கணினிகளுக்கு அப்படியே விட்டுவிட்டு, பெரிய கணினிகளுக்கு வேறோர் எண்ணை ஒட்டியதால் வந்த தையல் இது.

ஹைபர்னேட் பத்தியும் இவ்வாறே. ஹைபர்னேட் செய்யும்போது நினைவகத்தின் படிமம் ஸ்வாப்பில் எழுதப்படுகிறது. லினக்ஸ் கெர்னல் இயல்பாக அந்தப் படிமத்தை ரேமில் ஏறத்தாழ 2/5 பங்குக்குள் அடக்க முயல்கிறது. தேவைப்படுவது, படிமத்துக்கான இடமும் அந்நேரத்தில் ஏற்கெனவே ஸ்வாப்பில் உள்ள பக்கங்களுக்கான இடமும்தான். ரேம் அளவோடு வழக்கமான ஸ்வாப் பயன்பாட்டைக் கூட்டினால் போதிய பாதுகாப்பு கிடைத்துவிடும். 2 ஜிபி ரேமுக்கு 6 ஜிபி என்ற மும்மடங்குக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

வேகம் என்னும் மறந்த கணக்கு

விகிதச் சூத்திரங்கள் அனைத்துக்கும் பொதுவான குறை, அவை வட்டின் வேகத்தைக் கணக்கில் எடுக்காதது. ஸ்வாப்பிலிருந்து பக்கங்கள் சிதறலாகவே படிக்கப்படுகின்றன. ஒரு பக்கம் 4 கிலோபைட். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 100 சிதறல் படிப்புகளைச் செய்யும் என்று கொள்வோம். ஒரு ஜிபியில் 2,62,144 பக்கங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தால் 2,621 நொடி, அதாவது சுமார் 44 நிமிடம் ஆகும். அருகிலுள்ள பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும் உத்தியால் இது நடைமுறையில் குறையும். ஆனாலும் அளவு புரிகிறது.

16 ஜிபி ரேம் உள்ள கணினியில் இருமடங்கு விதிப்படி 32 ஜிபி ஸ்வாப் வைத்து அது முழுவதும் நிரம்பினால், இதே மோசமான நிலைக் கணக்கில் அதைத் திரும்பப் படிக்க 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கணினி இயங்குகிறது என்று சொல்வதில் பொருளில்லை. சுட்டியை அசைத்தால் பதில் வராது, தொலைவிலிருந்து உள்நுழையவும் முடியாது. பயனர் மின்பொத்தானை அழுத்தி அணைப்பார். சேமிக்காத வேலை போய்விடும். நினைவகம் தீர்ந்தவுடன் கெர்னலே ஒரு நிரலை நிறுத்தியிருந்தால் இழப்பு சிறியதாக இருந்திருக்கும்.

எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. நொடிக்கு 20,000 சிதறல் படிப்புகள் கிடைத்தால் அதே ஒரு ஜிபிக்கு 13 நொடி போதும். அங்கே பெரிய ஸ்வாப் தாங்கக்கூடியது. எனவே ரேமின் அளவைவிட, ஸ்வாப் இருக்கும் வட்டின் வகை முக்கியமான கேள்வி. அதைக் கேட்கும் கையேடுகள் அரிது.

ஸ்வாப் வேண்டாம் என்னும் வாதம்

மேற்கண்ட கணக்கைப் பார்த்தவர்கள் ஸ்வாப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவதுண்டு. ஸ்வாப் இல்லாவிட்டால் கணினி மெதுவாகாது என்பது இவ்வாதத்தின் அடிப்படை. இது உண்மையன்று.

நினைவகத்தில் உள்ள பக்கங்கள் இருவகை. வட்டில் மூலம் உள்ள கோப்புப் பக்கங்கள் ஒருவகை. நிரலின் குறியீடும் இதில் அடங்கும். நிரல் தானாக உருவாக்கிய, வட்டில் மூலம் இல்லாத தரவுப் பக்கங்கள் மற்றொரு வகை. இடம் தேவைப்படும்போது கோப்புப் பக்கங்களைக் கெர்னல் தூக்கி எறியலாம், பின்னர் மீண்டும் படித்துக்கொள்ளலாம். தரவுப் பக்கங்களை வெளியேற்ற ஸ்வாப் வேண்டும். ஸ்வாப் இல்லாத கணினியில் நெருக்கடி வந்தால், காலையில் திறந்து மறந்துவிட்ட நிரலின் தரவு ரேமிலேயே கிடக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறியீட்டுப் பக்கங்கள் வெளியே போகும். அடுத்த நொடியே அவை மீண்டும் வட்டிலிருந்து படிக்கப்படும். வட்டு விளக்கு விடாமல் எரிய, கணினி உறைந்து நிற்கும். ஸ்வாப் இல்லாமலேயே ஸ்வாப்பின் தீமை முழுவதும் வந்துசேர்கிறது.

பிரிவுத் திட்டமும் ஸ்வாப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதையும் இவ்வாதம் மறக்கிறது. ஃபெடோரா 18 முதலும் டெபியன் 13 முதலும் /டெம்ப் அடைவு இயல்பாக நினைவகத்திலேயே அமைகிறது. இதற்குப் பயன்படும் டெம்ப்எஃப்எஸ் இயல்பாக ரேமில் பாதி வரை வளரலாம். 8 ஜிபி ரேமும் ஸ்வாப் இன்மையும் உள்ள கணினியில் ஒரு காணொளி நிரல் 4 ஜிபி தற்காலிகக் கோப்புகளை எழுதினால், நிரல்களுக்கு மீதி 4 ஜிபிதான். சிறிய ஸ்வாப் இருந்தால் அக்கோப்புகள் வட்டுக்கு ஒதுங்கும். /டெம்ப் பற்றி ஓர் அத்தியாயத்திலும் ஸ்வாப் பற்றி வேறோர் அத்தியாயத்திலும் பேசும் கையேடுகளில் இத்தொடர்பு புலப்படுவதில்லை.

பிரிவுகள்: எவை இன்றும் பொருந்துகின்றன

தனித்தனிப் பிரிவுகளுக்குச் சொல்லப்படும் காரணங்களை இதே முறையில் சோதிக்கலாம்.

/பூட் தனியாக இருக்க வேண்டும் என்பது பழைய பயாஸ் 1024 சிலிண்டர்களுக்கு மேல் படிக்க முடியாததால் வந்தது. கெர்னல் வட்டின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. அந்தக் காரணம் மறைந்துவிட்டது. முழு வட்டு மறையாக்கம், சில வகை வால்யூம் அமைப்புகள் போன்ற புதிய காரணங்களால் /பூட் இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் பழைய கையேடுகள் சொன்ன 100 எம்பி அளவு இன்று ஆபத்தானது. ஒவ்வொரு கெர்னல் புதுப்பித்தலும் பழையதை விட்டுவைத்துப் புதியதைச் சேர்க்கிறது. /பூட் நிரம்பினால் புதுப்பித்தல் பாதியில் நிற்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியைப் பயனர் அறியாமலே இயக்கிக்கொண்டிருப்பார்.

/யூஎஸ்ஆர் தனியாக இருக்க வேண்டிய காரணம் முற்றிலும் மறைந்துவிட்டது. ஃபெடோரா 17, 2012இல் ரூட்டில் இருந்த நிரல் அடைவுகளை /யூஎஸ்ஆருக்குள் இணைத்தது. டெபியன் 12, 2023இல் இந்த இணைப்பைக் கட்டாயமாக்கியது. 2.5 எம்பி வட்டால் பிறந்த பிளவு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் மூடப்பட்டது.

/வார் தனியாக இருப்பதற்கான காரணம் இன்றும் உயிருடன் இருக்கிறது. பதிவுக் கோப்புகள், அஞ்சல், தரவுத்தளம் ஆகியவை அங்கே வளர்கின்றன. ஒரு நிரல் பிழை காரணமாக இரவு முழுவதும் பதிவு எழுதினால், தனி /வார் மட்டும் நிரம்பும், ரூட் தப்பும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 5 விழுக்காடு இடத்தை ரூட் பயனருக்கு இயல்பாக ஒதுக்கி வைக்கிறது என்பதால் ஒரே பிரிவிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று சிலர் வாதிடுவர். பதிவு எழுதும் நிரல்கள் பலவும் ரூட் உரிமையுடன் இயங்குபவை. அவை அந்த ஒதுக்கீட்டையும் தின்றுவிடும்.

அளவுகள் பற்றிய பழைய அறிவுரை மட்டும் /வாருக்கும் பொருந்தாது. டாக்கர் படிமங்கள், ஃபிளாட்பேக், ஸ்னாப் செயலிகள் ஆகியவை இன்று /வார் கீழேயே சேர்கின்றன. 3 ஜிபி போதும் என்று எழுதிய காலத்தில் இவை இல்லை. இடம் மட்டுமின்றி ஐநோடு எண்ணிக்கையும் தீரலாம். எக்ஸ்ட்4 இயல்பாக 16 கிலோபைட்டுக்கு ஓர் ஐநோடு வீதம் உருவாக்குகிறது. 20 ஜிபி பிரிவில் ஏறத்தாழ 13 லட்சம் கோப்புகளுக்கே இடமுண்டு. சிறுசிறு கோப்புகள் அதைத் தாண்டினால், பாதி வட்டு காலியாக இருக்கும்போதே வட்டில் இடமில்லை என்ற பிழைச் செய்தி வரும்.

தனி ஹோம்

பயனர்களுக்கு மிகவும் பயன்படும் பிரிவு /ஹோம். ரூட் பிரிவை அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலும் ஆவணங்கள் தப்பும். மாணவர்கள் வெவ்வேறு வழங்கல்களைச் சோதித்துப் பார்ப்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் இந்த நன்மை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 வரை சாதாரணப் பயனரின் எண் 500இல் தொடங்கியது. டெபியனில் அது 1000. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்களுக்குத் தங்கள் கோப்பையே திறக்க உரிமை இல்லாமல் போயிற்று. இன்று பெரும்பாலானவை 1000இல் தொடங்கினாலும், கணினியில் இருவர் இருந்து, கணக்குகளை வரிசை மாற்றி உருவாக்கினால் இதே சிக்கல் வரும். புதிய பதிப்பு எழுதிய அமைப்புக் கோப்புகளைப் பழைய பதிப்பு படிக்கத் தெரியாமல் தடுமாறுவதும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது, தனி /ஹோம் காப்பு நகல் ஆகாது என்பது. இரண்டு பிரிவுகளும் ஒரே வட்டில்தான் இருக்கின்றன. வட்டு பழுதானால் இரண்டும் போகும். மீண்டும் நிறுவும்போது தவறான வரியில் வடிவமைக்கும் குறியை இட்டால் /ஹோம் மட்டும் போகும். தனிப் பிரிவு தரவைப் பாதுகாக்கும் என்று மட்டும் எழுதிவிட்டு இதைச் சொல்லாத கையேடு, படிப்பவரின் ஆய்வேட்டையும் குடும்பப் படங்களையும் ஆபத்தில் வைக்கிறது.

இரு லினக்ஸ்கள் ஒரே ஸ்வாப் பிரிவைப் பகிரலாம் என்ற அறிவுரையும் இதே வகை. ஹைபர்னேட் பயன்படுத்தாதவரை அது சரி. ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கினால், இரண்டாவது முதலாவதன் நினைவகப் படிமத்தின் மேல் எழுதக்கூடும். இரண்டாவதை நிறுவும்போது ஸ்வாப் வடிவமைக்கப்பட்டால் அதன் அடையாள எண் மாறும். முதலாவது அந்தப் பழைய எண்ணைத் தேடி ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் காத்திருந்த பிறகே தொடங்கும். காரணம் அறியாத பயனர் கணினி பழுது என்று நினைப்பார்.

நிறுவல் நிரல்களின் இயல்புத் தேர்வுகள்

பெரும்பாலானோர் கையேடு படிப்பதில்லை. நிறுவல் நிரல் காட்டும் இயல்புத் தேர்வை ஏற்றுக்கொள்கிறார்கள். எனவே இத்தேர்வுகளையும் மதிப்பிட வேண்டும்.

டெபியன் நிறுவி தரும் வழிகளில் இவை அடங்கும்: எல்லாம் ஒரே பிரிவில், தனி /ஹோம், தனி /ஹோம் /வார் /டெம்ப். புதியவர்களுக்கு முதலாவதைப் பரிந்துரைக்கிறது. எளிமையும் நேர்மையும் உள்ள தேர்வு இது. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று தெரியாதவர் தவறான அளவுகளைத் தருவதைவிட ஒரே பிரிவில் வைப்பது நல்லது.

ஓப்பன்பிஎஸ்டி எதிர்த்திசையில் செல்கிறது. போதிய பெரிய வட்டில் ரூட், ஸ்வாப், /டெம்ப், /வார், /ஹோம், /யூஎஸ்ஆர் ஆகியவற்றோடு /யூஎஸ்ஆருக்குள்ளும் பல பிரிவுகளை அது உருவாக்குகிறது. இதற்கு அது தரும் காரணம் பாதுகாப்பு. சிறப்பு உரிமையுள்ள நிரல்களை /டெம்ப், /ஹோம் ஆகியவற்றிலிருந்து இயக்க முடியாதபடி பொருத்தல் நிலையிலேயே தடுக்கிறது. ஒரே பிரிவில் இதை இவ்வாறு செய்ய முடியாது. ஸ்வாப்பையும் அது இயல்பாகவே மறையாக்கம் செய்கிறது. கடவுச்சொற்களும் திறந்திருந்த ஆவணங்களும் ஸ்வாப்பில் எழுதப்படலாம் என்பதால் இது சரியான முடிவு. /ஹோமை மறையாக்கம் செய்துவிட்டு ஸ்வாப்பைத் திறந்து விடுவது, கதவைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைப்பது போன்றது.

ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7இன் தானியங்கித் தேர்வு குறைபாடு உள்ளது. வட்டு பெரிதாக இருந்தால் ரூட்டுக்கு 50 ஜிபி வரை தந்து, மீதி முழுவதையும் /ஹோமுக்குத் தந்தது. கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ். சர்வரில் வளர்வது /வார், அது இருப்பது ரூட்டில். ஒரு டெராபைட் சர்வரில் 50 ஜிபி நிரம்பித் தரவுத்தளம் நின்றுவிடும். /ஹோம் காலியாகக் கிடக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க முடியாது என்பதால் /ஹோமைப் பிரதி எடுத்து, அழித்து, மீண்டும் உருவாக்குவதே வழி. எல்விஎம் இருந்தும் அதன் நன்மை கிடைக்காமல் போனதற்குக் காரணம், ஒதுக்காத இடம் எதையும் விட்டுவைக்காததே.

உபுண்டு 17.04இல் ஸ்வாப் பிரிவுக்குப் பதிலாக ஸ்வாப் கோப்பு இயல்பானது. ஃபெடோரா 33, 2020இல் ரேமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் முறைக்கு மாறியது. ஸ்வாப் கோப்பின் அளவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்வாப்பின் அளவு நிறுவும் நாளிலேயே எடுக்க வேண்டிய முடிவாக இருந்த நிலையை இந்த மாற்றம் நீக்கியது. இசட்ரேமில் ஹைபர்னேட் செய்ய முடியாது என்பது அதன் எல்லை.

திட்டமிடும் முறை

இவற்றிலிருந்து ஒரு முறை கிடைக்கிறது. எண்ணைத் தேடுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். எந்த அடைவு வளரும்? எது நிரம்பினால் எது நிற்கக்கூடாது? ஹைபர்னேட் வேண்டுமா? பின்னர் மாற்ற முடியாதது எது?

8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள மாணவரின் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் இஎஃப்ஐ பிரிவுக்கு ஒரு ஜிபி, ரூட்டுக்கு 60 ஜிபி, மீதி /ஹோமுக்கு என்று வைக்கலாம். ஹைபர்னேட் வேண்டுமானால் 10 ஜிபி ஸ்வாப், வேண்டாமென்றால் 2 முதல் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு. கற்பதற்காக டாக்கர் பயன்படுத்துபவர் ரூட்டை 100 ஜிபி ஆக்குவது நல்லது. இல்லையென்றால் ஒரே பிரிவே அவருக்குப் பொருத்தம்.

16 ஜிபி ரேமும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் உள்ள சிறு கல்லூரி சர்வருக்கு வேறு திட்டம். எல்விஎம்மில் ரூட் 30 ஜிபி, /வார் 100 ஜிபி, /ஹோம் 300 ஜிபி, ஸ்வாப் 4 ஜிபி என்று தொடங்கி, மீதியை ஒதுக்காமல் விடலாம். இயங்கிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் பெரிதாக்க முடியும். நிரம்பும் பிரிவுக்கு அப்போது இடம் தரலாம். கூட்டுவது எளிது, குறைப்பது கடினம் என்பதால் சிறியதாகத் தொடங்குவதே பாதுகாப்பு.

நிறுவிய பின் அளந்து பார்ப்பதும் திட்டத்தின் பகுதியே. டிஎஃப் கட்டளை இடத்தையும், அதன் ஐ விருப்பத்தேர்வு ஐநோடுகளையும் காட்டும். விஎம்ஸ்டாட் கட்டளையின் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகள் ஸ்வாப்புக்குள் வந்துபோகும் அளவைக் காட்டும். ஸ்வாப்பில் ஒரு ஜிபி நிரம்பியிருந்தும் இவ்விரண்டு பத்திகளும் சுழியமாக இருந்தால் கவலை இல்லை. தேவையற்ற பக்கங்கள் ஒதுங்கியிருக்கின்றன என்றே பொருள். பத்திகள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் வேண்டியது ரேம். ஸ்வாப்பைக் கூட்டுவது அங்கே தீர்வாகாது.

மதிப்பீடு

இருமடங்கு விதி அது பிறந்த கணினிகளில் சரியாக இருந்தது. பிழை விதியில் இல்லை, காரணத்தை விட்டுவிட்டு அதைக் கைமாற்றியவர்களிடம் உள்ளது. எல்லாம் ஒரே பிரிவில், ஸ்வாப் வேண்டாம் என்னும் புதிய விதியும் அதே வழியில் கைமாறி வருகிறது. நினைவகத்தில் அமைந்த /டெம்ப்பும், இரவில் வளரும் பதிவுக் கோப்பும் இருக்கும்வரை அந்த விதியை நம்பியவர்களும் ஒருநாள் உறைந்த திரையின் முன் உட்கார நேரும்.

தமிழில் கணினி நூல் எழுதுவோருக்கும் பாடம் நடத்துவோருக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஆங்கிலக் கையேட்டின் எண்ணை மட்டும் மொழிபெயர்த்தால் அது அடுத்த பதிப்பில் பழையதாகிவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், இது எந்த இயங்குதளத்துக்கு, எந்த வகை வட்டுக்கு, எந்தத் தேவைக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த எண் பொருந்தாத நாள் வரும்போது, படித்தவரே அதை மாற்றிக்கொள்வார்.